தண்ணிக் கொழுக்கட்டை

மூன்று நாளாக அடைமழை. நேற்று மதியம் மூன்றரை வாக்கில் கொஞ்சம் வெறித்தது. அந்த இடைவெளியில் தெருமுனையில் மீன்காரரின் ஹார்ன் கேட்டது. முத்துப்பேட்டையிலிருந்து மொபெட்டில் வருகிறவர். பின்னால் ஐஸ் பெட்டி, அதன்மேல் தார்ப்பாய், தலையில் ஒரு சாக்குக் கொங்காணி. இந்த மழையில் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"லகூன் இறால்ண்ணே. பண்ணை கிடையாது. அரை கிலோதான் மிச்சம், எடுத்துக்கிட்டா நான் இப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன்" என்றார். கையில் எடுத்துப் பார்த்தேன். தலை உடம்போடு இறுக்கமாக இருந்தது, ஓட்டில் ஒரு பளபளப்பு. தலை தொங்கினால் நான் வாங்கமாட்டேன். குழம்புக்குக்கூடப் பரவாயில்லை, சூப்புக்கு ஆகாது, ஏனென்றால் சூப்பின் ருசி முழுக்க அந்தத் தலையில்தான் இருக்கிறது.

பாமினியாறும் கோரையாறும் கிளைதாங்கியாறும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அந்த முத்துப்பேட்டை லகூன், அதாவது காயல். மேட்டூரில் திறந்த தண்ணீரில் வயல்கள் குடித்தது போக மிச்சம், மழைத்தண்ணீரோடு கலந்து, அலையாத்திக் காட்டுக்கு நடுவில் உப்புத் தண்ணீரைத் தொடுகிறது. அங்கே வளர்ந்த இறாலில் ஒரு தித்திப்பு உண்டு. பண்ணையில் வளர்க்கும் வனாமி இறால் அளவில் பெரிது, உரிப்பதும் சுலபம், ஆனால் அந்தத் தித்திப்பு வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வேறு வழியில்லாமல் அதையும் வாங்கியிருக்கிறேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நேற்று கிடைத்தது வேறு.

மனைவிக்கு திருவாரூரில் வேலை. ஆறரை மணி பஸ்ஸில் வந்து இறங்குவாள், மழை நாளென்றால் நனைந்துதான் வருவாள். மகளுக்கு டியூஷன் ஆறு மணிக்கு முடியும். அம்மா முற்றத்தை ஒட்டிய கட்டிலில் போர்வைக்குள் இருந்தாள். சரி, இன்றைக்கு தண்ணிக் கொழுக்கட்டைதான், இறால் பூரணம் வைத்த மைதா கொழுக்கட்டையைச் சூப்பில் மிதக்கவிடுவது, என்று முடிவு செய்தேன்.

அந்தப் பெயரை வைத்தது அம்மா. நான் சிங்கப்பூரிலிருந்து ஊரோடு வந்த 2019 ஐப்பசியில் முதல் தடவையாக இதைச் செய்து கிண்ணத்தில் கொடுத்தேன். கரண்டியால் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, கொழுக்கட்டையைத் தண்ணியில போட்டு வச்சிருக்க?" என்று கேட்டாள். அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. சீனர்கள் இதை 'சுய் ஜியாவ்' என்பார்கள். சுய் என்றால் தண்ணீர், ஜியாவ் என்றால் இந்த மாவு மடிப்பு. திருத்துறைப்பூண்டியைத் தாண்டி அதிகம் போகாத என் அம்மா, ஒரு பார்வையில் அதே பெயரைச் சொல்லிவிட்டாள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசரின் மனைவி. நான் பதினான்கு வருடம் அங்கே கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தேன். சூப்பர்வைசர் மலேசியச் சீனர், நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்போம். அவர் மனைவி வடசீனாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் ராத்திரி குடும்பமே வட்டமாக உட்கார்ந்து இதை மடிப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஊருக்குப் போகாத எங்களில் நாலைந்து பேரை அங்கிள் வீட்டுக்குக் கூப்பிடுவார். சும்மா உட்கார விடமாட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு மடிக்கத்தான் வேண்டும். ஆறு புத்தாண்டு அந்த மேஜையில் உட்கார்ந்து மடித்திருக்கிறேன்.

அந்த அம்மா ஒரு கதையும் சொல்வார். ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முன்பு, ஹான் வம்சத்துக் காலத்தில், ஜாங் ஜோங்ஜிங் என்று ஒரு வைத்தியர் இருந்தாராம். பனிக்காலத்தில் ஊருக்குத் திரும்பியவர், ஏழைகளின் காதெல்லாம் குளிரில் விறைத்துப் புண்ணாகிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஆட்டுக்கறியையும் மருந்துச் சரக்கையும் கொதிக்கவைத்து, அந்தக் கறியைப் பொடியாக அரிந்து, மாவில் வைத்துக் காது மாதிரி மடித்து, கொதித்த சாற்றோடு ஆளுக்கு இரண்டு கொடுத்தாராம். அதனால்தான் இன்றைக்கும் இது காது வடிவத்தில் இருக்கிறது என்பார். நடந்ததோ இல்லையோ, குளிருக்கு மருந்தாகப் பிறந்த பண்டம் என்ற எண்ணம் எனக்குப் பிடித்துவிட்டது. ஐப்பசி கார்த்திகையில் இதைச் செய்யும்போதெல்லாம் அந்தக் கதை நினைவுக்கு வரும்.

வேலை நாட்களில் சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் பக்கம் போனால் வான்டன் சூப் குடிப்பேன். அது தெற்குச் சீனர்களுடையது. தோல் இன்னும் மெல்லியது, மாவில் முட்டை சேர்ப்பார்கள், உள்ளே பெரும்பாலும் பன்றிக்கறியும் இறாலும். காண்டனீஸில் அந்தப் பெயரை எழுதும் எழுத்துகளுக்கு மேகத்தை விழுங்குவது என்று பொருள். மெல்லிய தோல் சூப்பில் மிதப்பதைப் பார்த்தால் அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் வைக்கத் தோன்றாது.

இப்போது சமையலுக்கு வருகிறேன். இதைச் சீக்கிரமாகச் செய்ய முடியாது என்று நினைப்பவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு பேருக்கு முடித்துவிடலாம். ஆனால் எது முன்னால் எது பின்னால் என்பது முக்கியம்.

முதலில் மாவு. வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் மாவைப் பிசைந்து வைத்துவிட வேண்டும். இருநூறு கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு, பச்சைத் தண்ணீர் கிட்டத்தட்ட நூறு மில்லி. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சப்பாத்தி மாவைவிட ஒரு படி கெட்டியாகப் பிசைய வேண்டும். முதலில் சொரசொரப்பாகத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம். ஈரத்துணியைப் போட்டு மூடி இருபத்தைந்து நிமிடம் ஊறவிட்டால் தானாக வழவழப்பாகிவிடும்.

பச்சைத் தண்ணீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-இல் நான் முதலில் செய்ததெல்லாம் சட்டியிலேயே பிரிந்துவிட்டது. அங்கிள் வீட்டில் மடித்திருக்கிறேனே தவிர மாவை நான் பிசைந்ததில்லை. அது முன்கூட்டியே பிசைந்து மூடி வைத்திருக்கும். இங்கே வந்து நானாகப் பிசைந்தபோது, கொழுக்கட்டை மாவுக்கு அம்மா செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கத்தில், கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறிவிட்டேன். மாவு அருமையாக, மெத்தென்று வந்தது. மடிக்கவும் சுலபமாக இருந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்ட இரண்டாவது நிமிடம் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. இறால் ஒரு பக்கம், தோல் ஒரு பக்கம், சூப் கஞ்சியாகிவிட்டது. அம்மா கரண்டியில் தூக்கிப் பார்த்தது தப்பிப் பிழைத்த ஏழெட்டில் ஒன்றைத்தான்.

அங்கிளின் மனைவிக்கு போன் போட்டுக் கேட்டேன். சுடுதண்ணீர் மாவு ஆவியில் வேகவைக்கவும் கல்லில் சுடவும்தான், தண்ணீரில் வேகவைக்கப் பச்சைத் தண்ணீர் மாவு என்றார். அப்புறம் யோசித்துப் பார்த்தபோது புரிந்தது. மைதாவில் இழுவை கொடுக்கும் பசைச்சத்து இருக்கிறது. பச்சைத் தண்ணீரில் பிசைந்து ஊறவிட்டால் அது வலைபோலப் பின்னிக்கொண்டு கொதியைத் தாங்கும். சுடுதண்ணீர் அந்தப் பின்னலைக் கெடுத்து, மாவைப் பாதி வேகவைத்துவிடுகிறது. பச்சரிசி மாவில் அந்தப் பசைச்சத்தே கிடையாது. கொதிக்கும் தண்ணீர் பட்டுப் பாதி வெந்தால்தான் அது ஒன்றோடொன்று ஒட்டும். அம்மா செய்தது அரிசிக்குச் சரி, அந்த அம்மா சொன்னது கோதுமைக்குச் சரி. இரண்டையும் கலந்தது என் தப்பு.

மாவு ஊறும் நேரத்தில் இறால். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்துவிட வேண்டும். அரை கிலோவில் சதை கால் கிலோவை ஒட்டி நிற்கும். சதையை உப்புப் போட்டு அலசி, தண்ணீரை நன்றாக ஒற்றி எடுத்து, மூடி ஃபிரிஜ்ஜில் வைத்துவிடுங்கள். அது சில்லென்று இருக்க வேண்டும். தலையையும் ஓட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அது பூனைக்குப் போகிறது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்காது.

அடி கனமான சட்டியில் ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய். காய்ந்ததும் தலையையும் ஓட்டையும் போட்டுக் கிளற வேண்டும். முதலில் படபடவென்று வெடிக்கும். சாம்பலும் பச்சையுமாக இருந்த ஓடு விளிம்பிலிருந்து சிவக்கத் தொடங்கும். இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. கரண்டியின் பின்பக்கத்தால் தலைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உள்ளேயிருந்து கொழுப்பு பிதுங்கி எண்ணெயோடு சேரும். இரண்டு நிமிடத்தில் சட்டியின் அடியில் இருக்கும் எண்ணெய் செம்பருத்திப் பூ நிறத்துக்கு வந்துவிடும். இறாலின் சிவப்பு எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. அதனால்தான் வதக்காமல் நேராகத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தால் சூப் வெளிறிப் போகிறது, வாடையும் வேறாக இருக்கிறது. நன்றாக வதங்கியதற்கு அடையாளம் மூக்குதான். பச்சை வாடை போய் முந்திரி வறுத்தது மாதிரி ஒரு மணம் எழும்பும். மகள் மாடியில் படித்துக்கொண்டிருந்தாலும் அந்த மணத்துக்கு இறங்கி வந்துவிடுவாள்.

அப்போது தட்டிய பூண்டு நாலு பல், ஒரு துண்டு இஞ்சி, சின்ன வெங்காயம் ஐந்தாறு, ஒரு நாட்டுத் தக்காளி, கொத்தமல்லி வேர் இருந்தால் இரண்டு, ஒரு டீஸ்பூன் மிளகைத் தட்டிப் போட்டு இன்னும் ஒரு பிரட்டு பிரட்டி, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஆட்டெலும்பு மாதிரி இது மணிக்கணக்கில் கொதிக்கிற சரக்கு இல்லை. நேரம் கூடினால் கசப்புத் தட்டும். வடிகட்டும்போது ஓட்டை நன்றாக அழுத்திப் பிழிந்துவிடுங்கள். உப்பு கடைசியில்.

அங்கே எள்ளெண்ணெயை நாலு சொட்டு மேலே விடுவார்கள். அது வறுத்த எள்ளில் ஆட்டியது, கறுப்பாக இருக்கும். நம் செக்கு நல்லெண்ணெயில் அந்த வறுத்த மணம் வராது. நான் என்ன செய்கிறேன் என்றால், ஒரு ஸ்பூன் எள்ளை வெறும் வாணலியில் வெடிக்க வறுத்து, அம்மியில் ஒரு நகர்த்து நகர்த்தி, கிண்ணத்தில் சூப்பை ஊற்றியபிறகு மேலே தூவுகிறேன். போன பங்குனியில் வயலில் தெளித்த எள் வீட்டில் இருக்கிறது. கடைத்தெருவில் மோமோ வண்டி போட்டிருக்கும் நேபாளத் தம்பி, எங்கள் ஊரில் 'ஜோல் மோமோ' என்று தக்காளியும் எள்ளும் அரைத்துச் சேர்த்த சாற்றில் மோமோவை மிதக்கவிட்டுத் தருவார்கள் அண்ணா என்றார். எள் இதற்குப் பொருந்தும் என்று அவர் சொல்லி எனக்கு உறுதியாயிற்று.

சூப் கொதிக்கும் நேரத்தில் பூரணம். இறாலில் பாதியைக் கத்தியால் விழுதாகக் கொத்தி, மீதியைச் சுண்டைக்காய் அளவில் அரிந்து இரண்டையும் சேர்க்கிறேன். அரை டீஸ்பூன் உப்பு, மிளகுத்தூள், இஞ்சிச்சாறு ஒரு ஸ்பூன், சோளமாவு ஒரு ஸ்பூன், நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். கையாலோ கரண்டியாலோ ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கலக்க வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் கலவை பாத்திரத்தை விட்டு வராமல் இழுக்கும், இழை இழையாகத் தெரியும். உப்பு இறாலின் சதையைக் கரைத்துப் பசையாக்குகிறது. அந்தப் பசை வந்தால்தான் வெந்த பிறகு கடிக்கும்போது துள்ளும், உதிராது. வெங்காயத்தாள் பொடியாக அரிந்தது இரண்டு கைப்பிடி, அதைக் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னாடியே போட்டால் உப்புக்குத் தண்ணீர் விட்டு, மாவு நனைந்து கிழியும்.

கறி எதுவும் இல்லாத நாட்களும் உண்டு. புரட்டாசி முழுக்கவும், கார்த்திகை சோமவாரமும் எங்கள் வீட்டில் மீன் கிடையாது. அப்போது இதே பாணியில் அம்மா வழியில் செய்வோம். தூயமல்லிப் பச்சரிசி மாவு, கொதிக்கும் தண்ணீரும் உப்பும் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயும். பாரம்பரிய நெல் விதைகளைப் பரப்பிய நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் தூயமல்லி போடுகிறவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குவது. உள்ளே, வேகவைத்து மசித்த பச்சைப்பயறு, தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், பெருங்காயம். இதைத் தண்ணீரில் போடுவதில்லை, இட்லிப் பானையில் ஆவியில் வைத்து எடுத்து, கிண்ணத்தில் வைத்து, மேலே மிளகும் சீரகமும் தூக்கலாகப் போட்ட பருப்புத் தண்ணீரை ஊற்றுவோம். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையும் போடலாம். என் மகளுக்கு இறாலைவிட இதுதான் பிடிக்கும்.

மறுபடி மைதாவுக்கு வருகிறேன். ஊறிய மாவைக் கயிறாக உருட்டி முப்பதாக நறுக்க வேண்டும். ஒவ்வொன்றும் கோலிக்குண்டு அளவு. பூரிக்கட்டையால் தேய்க்கும்போது ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுக் கனமாகவும் இருக்கட்டும். பூரணத்தின் கனம் நடுவில்தான் இறங்கும், ஓரம் மடித்தால் இரண்டு பங்காகிவிடும். ஒட்டாமல் இருக்கச் சோளமாவு தொட்டுக்கொள்ளலாம். ஒரு ஸ்பூன் பூரணம், ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டு, பாதியாக மடித்து, உள்ளே இருக்கும் காற்றை வெளியே தள்ளிவிட்டு அழுத்தி மூட வேண்டும். காற்று உள்ளே நின்றால் வேகும்போது உப்பி வெடிக்கும்.

நேரம் சுத்தமாக இல்லையென்றால் கடையில் ஐஸில் கிடக்கும் மோமோ பாக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தப்பில்லை. ஆனால் அதை வெளியே வைத்து இளகவிடாமல், கெட்டியாக இருக்கும்போதே கொதிக்கிற தண்ணீரில் போட வேண்டும். இளகினால் தோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்துவிடும். சூப்பை மட்டும் வீட்டில் வைத்தால் போதும், பாதி கிணறு தாண்டியாகிவிட்டது.

நான் மடித்து மிச்சத்தை உறையவைத்துச் சேமிக்கலாமே என்று மனைவி கேட்டதுண்டு. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் மேல் ஏறிப்போனது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை கடந்தது. எங்கள் கொல்லையில் இருந்த பதினோரு தென்னையில் ஒன்பது விழுந்தது. மின்கம்பமெல்லாம் படுத்துக் கிடந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபத்து மூன்று நாள் ஆனது. நான் சிங்கப்பூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாலு நாள் தூங்கவில்லை. ஐந்தாம் நாள்தான் அம்மாவின் குரல் கேட்டது. "நாங்க இருக்கோம் தம்பி. நீ சாப்பிட்டியா?" என்றாள். அடுத்த ஆண்டே நான் வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு அம்மா ஃபிரிஜ்ஜை நம்புவதில்லை. அன்றைக்கு வாங்கினதை அன்றைக்கே ஆக்கணும் என்பாள். அதனால்தான் நான் இதை வேகமாகச் செய்யப் பழகினேன்.

நேற்று மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "அந்த மணையை இங்க கொண்டா." இரண்டு வருடத்துக்கு முன் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவள் அடுக்களைக்குள் வந்ததில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கிறாள், ஆனால் அதிக நேரம் நிற்க முடியாது. பல்லும் கீழ் வரிசையில் நாலுதான் பாக்கி. சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தாலும் நாலு வாய்க்கு மேல் போகாது. அந்த வீட்டில் ஐம்பது வருடம் அடுப்பை ஆண்டவள், மற்றவர்கள் கொண்டுவந்து கொடுப்பதை வாங்கிச் சாப்பிடுவதை ஏற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொன்னதில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மணையை வைத்து, தேய்த்த தோலையும் பூரணத்தையும் கொண்டுபோய் வைத்தேன். அம்மா முதலில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினாள். கொழுக்கட்டைக்கு விரலில் எண்ணெய் தொட்டுக்கொள்வது வழக்கம்.

"எண்ணெய் வேணாம்மா. இதுல எண்ணெய் பட்டா ஓரம் ஒட்டாது. தண்ணி தொட்டுக்க."

"தண்ணியா?" என்று ஒரு தடவை கேட்டாள். அவ்வளவுதான்.

இடது உள்ளங்கையில் தோலை ஏந்தி, நடுவில் பூரணத்தை வைத்து, வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளிச் சுற்றி வந்தன. நான் காது மாதிரி மடிக்கிறேன். அம்மா அப்படி மடிக்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குச் சொப்பு செய்கிற அதே கை. ஒவ்வொரு கிள்ளலுக்கும் உள்ளங்கையில் மாவு ஒரு நூலளவு திரும்பியது. ஏழு மடிப்பு, எட்டு மடிப்பு, கடைசியில் எல்லாவற்றையும் உச்சியில் சேர்த்து ஒரு முறுக்கு. வெளிச்சத்துக்காகக் குனிந்துகூடப் பார்க்கவில்லை, வெளியே வாய்க்கால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே செய்தாள். கண் புரை எடுத்த பிறகும் அவளுக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை. விரல்நுனிக்கு அது தேவைப்படவில்லை. முதல் மூன்று கொஞ்சம் கோணலாக இருந்தன, மைதா அரிசி மாவு மாதிரி சொன்ன இடத்தில் நிற்காது, இழுக்கும். நாலாவதிலிருந்து அதையும் பிடித்துக்கொண்டாள். நான் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க முடித்துக்கொண்டே வந்தாள். முப்பதில் பத்தொன்பது அவளுடையது.

அவ்வளவு நேரமும் அவள் பேசவில்லை. நானும் பேச்சுக் கொடுக்கவில்லை.

வேகவைக்கும் விஷயத்தில் ஒன்றே ஒன்று. சூப்பிலேயே போட்டு வேகவைக்காதீர்கள். எவ்வளவு துடைத்தாலும் தோலில் மாவு ஒட்டியிருக்கும், அது இறங்கிச் சூப்பைக் குழப்பிவிடும். தனியாகப் பெரிய சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது பத்துப் பத்தாகப் போட்டு, அடியில் ஒட்டாமல் கரண்டியின் பின்பக்கத்தால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும். பொங்கி வரும்போது அரை டம்ளர் பச்சைத் தண்ணீர். கொதி அடங்கும். மறுபடி பொங்கினால் மறுபடி அரை டம்ளர். அங்கே மூன்று தடவை ஊற்றுவார்கள், கறி வேக நேரம் வேண்டும். இறாலுக்கு இரண்டு போதும். கொதி ஓயாமல் அடித்தால் உள்ளே வேகும் முன் தோல் பிய்ந்துவிடும் என்பதற்காகத்தான் இது. தோல் பளிங்கு மாதிரியாகி உள்ளே இறாலின் செம்மஞ்சள் தெரிந்தால் ஜல்லிக்கரண்டியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றி, எள்ளும் வெங்காயத்தாளும் தூவி, அரை மூடி எலுமிச்சம்பழம்.

சொப்பு மாதிரி மடித்தால் உச்சியில் மாவு கனமாக இருக்குமே, அது வேகாமல் நிற்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவளுடையதை மட்டும் தனியாகப் போட்டு மூன்றாவது தடவையும் தண்ணீர் ஊற்றி எடுத்தேன். வெந்திருந்தது.

ஆறே முக்காலுக்கு மனைவி வந்தாள். குடை இருந்தும் முழங்காலுக்குக் கீழே முழுக்க ஈரம். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முதலில் ஆவியைத்தான் முகர்ந்தாள். அப்புறம் கரண்டியில் வந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி, "அத்தை, இது உங்க கைல்ல?" என்றாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. மகளிடம் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் ரெண்டு போடு பாப்பா, சாறு நிறைய" என்றாள். மொத்தம் ஏழு சாப்பிட்டாள். ராத்திரி படுக்கப் போகும்போது, அந்த மீன்காரப் பையன் நாளைக்கு வருவானா என்று கேட்டாள். மழை விட்டால் நாளை மறுநாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முக்கால் கிலோவாக எடுத்து வைக்கச் சொல்லி போன் போட்டிருக்கிறேன்.